ஸ்டான்லி ரவுஸ்: நடுவராக வென்றவர், தலைவராகத் தடுமாறிய கதை

கால்பந்து விதிப்புத்தகத்தைப் புரட்டினால் முதல் விதி மைதானம், இரண்டாவது பந்து, மூன்றாவது ஆட்டக்காரர்கள், ஐந்தாவது நடுவர், 11-வது ஆஃப்சைடு, கடைசியில் 17-வது கார்னர் கிக். இந்த வரிசையை 1938-ல் உட்கார்ந்து எழுதியவர் இங்கிலாந்துக்காரர் ஸ்டான்லி ரவுஸ். அதன் பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. விதிகள் இன்னும் 17 தான், ஆஃப்சைடு இன்னும் 11-வதுதான்.

அதே ரவுஸ் 1961 முதல் 1974 வரை, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அமைப்பின் தலைவராக இருந்தார். அந்த 13 ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கண்டம் ஒட்டுமொத்தமாக ஒரு உலகக் கோப்பையைப் புறக்கணித்தது. நிறவெறி அரசின் கீழிருந்த தென்னாப்பிரிக்கச் சங்கத்தின் மீதான தடையை அவரே முன்னின்று நீக்கவைத்தார். சிலியில் கைதிகளை அடைத்து வைத்திருந்த மைதானத்தில் தகுதிச்சுற்று ஆட்டம் நடக்கட்டும் என்று ஃபிஃபா சொன்னதும் அவர் காலத்தில்தான். கடைசியில் தேர்தலில் தோற்று வெளியேறினார்.

கையூட்டு வாங்கினார், சொத்து சேர்த்தார் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. நாணயமான மனிதர், கடும் உழைப்பாளி, விதியை வரிக்கு வரி அறிந்தவர். அப்படிப்பட்டவர் எப்படி இவ்வளவு பெரிய விஷயங்களில் தவறினார்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைச் சிறந்த நடுவராக்கிய அதே பார்வைதான் தலைவர் நாற்காலியில் அவருடைய கண்ணை மறைத்தது.

மளிகைக் கடைக்காரர் மகன், பள்ளி ஆசிரியர்

ரவுஸ் 1895 ஏப்ரல் 25 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் மாவட்டத்தில் லோஸ்டாஃப்ட் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மட்ஃபோர்டு கிராமத்தில் பிறந்தார். அப்பா மளிகை வியாபாரி. முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்ஸ், எகிப்து, பாலஸ்தீனம் என்று சுற்றினார். திரும்பி வந்து எக்ஸிட்டரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1921 முதல் வாட்ஃபோர்டு கிராமர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். உள்ளூர் அணிகளுக்கு கோல்கீப்பராக ஆடியவர்தான். மணிக்கட்டு முறிந்ததும் ஆட்டம் நின்றது, விசிலை எடுத்தார்.

1927 மார்ச்சில் ஆண்ட்வெர்ப்பில் பெல்ஜியமும் நெதர்லாந்தும் மோதிய ஆட்டம் அவருடைய முதல் சர்வதேசப் போட்டி. அடுத்த ஏழு ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களை நடத்தினார். வாரநாளில் பள்ளிக்கூடம், வார இறுதியில் மைதானம். அந்தக் காலத்தில் நடுவர் வேலையை நம்பி யாரும் பிழைக்கவில்லை.

உச்சம் 1934 ஏப்ரல் 28, வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். மான்செஸ்டர் சிட்டியும் போர்ட்ஸ்மத்தும் மோதின, 93,000-க்கும் மேற்பட்ட கூட்டம். முதல் பாதியில் ரதர்ஃபோர்டு அடித்த கோலால் போர்ட்ஸ்மத் முந்தியது. இரண்டாம் பாதியின் கடைசிக் கட்டத்தில் ஃபிரெட் டில்சன் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பினார். சிட்டியின் கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்டுக்கு அப்போது 20 வயது. இன்னும் எவ்வளவு நேரம் என்று கோல்போஸ்டுக்குப் பின்னால் இருந்த புகைப்படக்காரர்கள் அவருக்கு எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரவுஸ் கடைசி விசில் ஊதியதும் ஸ்விஃப்ட் அப்படியே மயங்கி விழுந்தார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த மயக்கம்தான் நினைவிருக்கிறது, நடுவர் இல்லை. ஒரு நடுவருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. மறுநாளே பெல்ஜியம் போய் இன்னொரு சர்வதேச ஆட்டத்தை நடத்திவிட்டு, அதோடு விசிலைக் கீழே வைத்தார்.

சாய்கோட்டில் ஓடிய ஓட்டம்

நடுவராக ரவுஸ் விட்டுச்சென்ற பெரிய விஷயம் மூலைவிட்ட முறை. அதை வழக்கமான முறையாகவே கையாண்ட முதல் ஆள் அவர்தான்.

கோல்போஸ்டுகள் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவர் தென்மேற்கு மூலைப் பக்கத்திலிருந்து வடகிழக்கு மூலைப் பக்கம் வரை சாய்வாக ஓடுகிறார். கோட்டோரம் நின்று நடுவருக்கு உதவும் லைன்ஸ்மேன்களில் ஒருவர் வடக்குக் கோட்டின் மேற்குப் பாதியை மட்டும் பார்த்துக்கொள்கிறார். இன்னொருவர் தெற்குக் கோட்டின் கிழக்குப் பாதியை. இப்படி நின்றால் பந்து எங்கே போனாலும் பெரும்பாலும் நடுவருக்கும் ஒரு லைன்ஸ்மேனுக்கும் நடுவில்தான் இருக்கும். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். ஒருவருக்கு முதுகு மறைத்தால் இன்னொருவருக்குக் கால் தெரியும். லைன்ஸ்மேன் பாதிக் கோட்டுக்கு மட்டும் பொறுப்பு என்பதால் ஆஃப்சைடு பார்க்கக் கடைசி டிஃபெண்டருக்கு நேராக எப்போதும் நிற்க முடியும்.

இன்று தொலைக்காட்சியில் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் நடுவர் ஓடுவது இந்தச் சாய்கோட்டை ஒட்டித்தான். கீழ்மட்டத்தில் நடுவர் பயிற்சி எடுக்கும் ஒருவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடங்களில் இதுவும் ஒன்று. ஒரு பள்ளி ஆசிரியரின் மூளை இதில் தெரிகிறது: பிரச்சினை என்ன, யார் எங்கே நிற்க வேண்டும், எதை யார் பார்க்க வேண்டும் என்று கரும்பலகையில் வரைந்து தீர்த்துவிட்டார்.

செயலாளர் ரவுஸ்

1934-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஃபிரெடரிக் வால் ஓய்வு பெற்றார். அவர் 1895-லிருந்து, அதாவது ரவுஸ் பிறந்த ஆண்டிலிருந்து அதே நாற்காலியில் இருந்தவர். அந்த இடத்துக்கு வந்த ரவுஸ் 1962 வரை 28 ஆண்டுகள் நீடித்தார்.

என்னைக் கேட்டால் அவருடைய பொற்காலம் இதுதான். 1863 முதல் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்திருந்த விதிகளைப் பிரித்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்து, எளிய மொழியில் 17 விதிகளாக எழுதினார். 1938-ல் சர்வதேச விதிக்குழு அதை ஏற்றது. ஒரு நடுவர் எழுதியது என்பது அந்த வரிசையிலேயே தெரியும். களம், பந்து, ஆள், உடை என்று ஆட்டம் தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை முதலில். அப்புறம் நடுவர், லைன்ஸ்மேன், நேரம், தொடக்கம். அதற்குப் பிறகுதான் கோல், ஆஃப்சைடு, ஃபவுல். ஆட்டநாளில் நடுவர் தன் வேலையை எந்த வரிசையில் செய்கிறாரோ, ஏறக்குறைய அந்த வரிசை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1928-ல் ஃபிஃபாவை விட்டு விலகியிருந்த பிரிட்டிஷ் சங்கங்களை 1946-ல் மறுபடி உள்ளே கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கொண்டாட 1947 மே மாதம் கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில் பிரிட்டனும் ஐரோப்பாவின் மற்ற நாடுகள் சேர்ந்த அணியும் மோதின. பிரிட்டன் 6-1. வசூல் ஃபிஃபாவுக்குப் போனது, போரில் நொடிந்திருந்த அமைப்புக்கு அது உயிர் கொடுத்தது. இங்கிலாந்து அணிக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்று வாதாடி 1946-ல் வால்டர் வின்டர்பாட்டமைக் கொண்டுவந்தவரும் ரவுஸ்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் செய்த பணிக்காக மறுவருடம் 'சர்' பட்டம் கிடைத்தது.

ஆனால் இதே காலத்தில், பின்னால் வரப்போவதற்கு ஒரு முன்னறிகுறியும் இருக்கிறது. 1938 மே 14, பெர்லின் ஒலிம்பிக் மைதானம், ஜெர்மனியோடு ஆட்டம். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்டத்துக்கு முன் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் நாஜி பாணியில் கை நீட்டி வணக்கம் செலுத்தினார்கள். பிரிட்டிஷ் தூதர் நெவில் ஹெண்டர்சனோடு கலந்து பேசி, விருந்தினராக வந்த இடத்தில் அவர்கள் வழக்கத்தை மதிப்பதுதான் மரியாதை, கூட்டமும் சுமுகமாக இருக்கும் என்ற எண்ணத்தில் ரவுஸ் உள்ளிட்ட சங்க நிர்வாகிகள் எடுத்த முடிவு அது. ஆட்டக்காரர்கள் மனமில்லாமல்தான் செய்தார்கள். ஆட்டத்தில் இங்கிலாந்து 6-3 என்று வென்றது. இன்று அந்த ஸ்கோர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் புகைப்படம்தான் தெரியும்.

ஆட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும், வெளியே என்ன நடந்தாலும் அது நம் வேலை இல்லை. ரவுஸின் மனம் இப்படித்தான் ஓடியது.

ஒரே ஒரு இடத்துக்கு மூன்று கண்டங்கள்

1961 செப்டம்பரில் லண்டனில் கூடிய மாநாட்டில் ரவுஸ் ஃபிஃபா தலைவரானார். வயது 66. அவர் பொறுப்பேற்ற உலகம் அவர் பழகிய உலகம் இல்லை. 1957-ல் கானா, 1960-ல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் என்று விடுதலை பெற்ற தேசங்கள் வரிசையாக ஃபிஃபாவுக்குள் வந்துகொண்டிருந்தன. ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. கானாவின் ஓட்டும் இங்கிலாந்தின் ஓட்டும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் நடக்கவிருந்த 1966 உலகக் கோப்பைக்கு 16 இடங்கள். ஐரோப்பாவுக்கு 10, தென் அமெரிக்காவுக்கு 4, வட-மத்திய அமெரிக்காவுக்கு 1. மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றும் அடித்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவில் முதலிடம் பிடித்த அணியும் நேரடியாக இங்கிலாந்து போக முடியாது, இன்னொரு கண்டத்தின் வெற்றியாளரோடு மோத வேண்டும்.

கானாவின் விளையாட்டு இயக்குநர் ஓஹென் ஜான் ஃபிஃபா செயற்குழுவிலும் இருந்தவர். அவர் ஃபிஃபாவுக்குக் கடுமையாகத் தந்தி அடித்தார். கானா வெறும் பேச்சுக்காரர்கள் இல்லை, 1963-லும் 1965-லும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணி. அதிபர் குவாமே இங்க்ருமாவும் பின்னால் நின்றார். ஃபிஃபா அசையவில்லை. ஆப்பிரிக்க அணிகள் கூட்டாக விலகின, அபராதம்தான் பதிலாக வந்தது. மிச்சமிருந்த இடம் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்த வட கொரியாவுக்குப் போனது. அந்த வட கொரியா மிடில்ஸ்பரோவில் இத்தாலியை 1-0 என்று வீழ்த்தியதை உலகமே பார்த்தது. ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் வெளியே தரம் போதாது என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

புறக்கணிப்பு வேலை செய்தது. 1970 உலகக் கோப்பையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு என்று தனி இடம் ஒதுக்கப்பட்டது, அந்தப் போட்டி நடந்த மெக்சிகோவுக்கு மொராக்கோ போனது. ஆனால் அந்த இடத்தை ஆப்பிரிக்கர்கள் தலைவரிடமிருந்து பெற்றதாக நினைக்கவில்லை. அவரை மீறிப் பெற்றதாகத்தான் நினைத்தார்கள். ஓட்டுப்பெட்டி வரும்போது இந்த நினைப்புக்குக் கனம் உண்டு.

இதற்கு நடுவில் நல்ல விஷயம் ஒன்றும் நடந்தது, சொல்லாமல் விடக் கூடாது. 1966 காலிறுதியில் அர்ஜென்டினாவின் ரட்டினை ஜெர்மன் நடுவர் வெளியேற்றியபோது மொழி புரியாமல் பெரும் ரகளை. அந்தப் போட்டிகளில் நடுவர்களைக் கவனித்துக்கொண்ட கென் ஆஸ்டன், இன்னொரு ஆங்கிலேய நடுவர்-ஆசிரியர், காரில் போகும்போது சாலை சிக்னலைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டை யோசனையைப் பிடித்தார். 1970-ல் அட்டைகள் அமலுக்கு வந்தன. களத்துக்குள் நடக்கும் சிக்கல் என்றால் ரவுஸின் ஃபிஃபா விரைந்து தீர்வு கண்டது.

தென்னாப்பிரிக்கா

இந்த ஆய்வின் மையம் இதுதான்.

1957-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கிய நான்கு நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. முதல் கோப்பைக்கு வெள்ளையர் மட்டும் அல்லது கறுப்பர் மட்டும் என்றுதான் அணி அனுப்புவோம் என்றது. மற்ற மூன்று நாடுகளும் ஏற்கவில்லை, தென்னாப்பிரிக்கா இல்லாமலே போட்டி நடந்தது. 1961-ல் ஃபிஃபாவும் அந்தச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது.

அங்கே இன்னொரு சங்கமும் இருந்தது. ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர் ஆகியோரின் அமைப்புகள் 1951-ல் ஒன்றாகச் சேர்ந்து உருவாக்கிய நிறபேதமற்ற கூட்டமைப்பு. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளும் டர்பனில் இதற்குள் இருந்தார்கள். ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையில் வெள்ளையர் சங்கத்தைவிடப் பெரிய அமைப்பு. ஆனால் ஃபிஃபா உறுப்பினர் அட்டை வெள்ளையர் சங்கத்திடம்தான் இருந்தது.

1963 ஜனவரியில் ரவுஸ், அமெரிக்கச் சங்கத்தின் ஜிம்மி மக்குவயருடன் நேரில் ஆராயப் போனார். இரண்டு தரப்பையும் சந்தித்தார். திரும்பி வந்து கொடுத்த அறிக்கை, வெள்ளையர் சங்கம் வேண்டுமென்று யாரையும் ஒதுக்கவில்லை என்றது. நிறபேதமற்ற கூட்டமைப்பினர் அரசின் கொள்கைக்கு எதிராக நடக்க விரும்புகிறவர்கள், அதனால் கால்பந்தை நடத்தத் தகுதியில்லாதவர்கள் என்றது. செயற்குழு இடைநீக்கத்தை நீக்கியது.

அறிக்கையின் வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசின் கொள்கை என்பது நிறவெறி. அதை எதிர்ப்பது தகுதிக்குறைவு, அதற்கு அடங்கிப் போவது தகுதி என்றாகிவிட்டது. இதை எழுதிய ரவுஸ் தன்னை அரசியலுக்கு அப்பாற்பட்டவர் என்றே முழுமனதாக நம்பினார். அந்த நம்பிக்கை பொய் வேஷம் இல்லை என்பதுதான் இந்தச் சம்பவத்தை முக்கியமாக்குகிறது.

ஆட்டத்துக்கு முன் அணிச் செயலாளர் ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து நடுவரிடம் கொடுக்கிறார். நடுவர் எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார், பூட்ஸைப் பார்க்கிறார், அவ்வளவுதான். இன்னாரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்க அவருக்கு உரிமை கிடையாது, கேட்கவும் கூடாது. பட்டியலில் இருக்கும் ஆட்களுக்கு நடுவே பாரபட்சம் காட்டாமல் இருந்தால் அவர் நேர்மையான நடுவர். ரவுஸ் ஜோகனஸ்பர்க்கிலும் இதைத்தான் செய்தார். உறுப்பினர் யார், அவரிடம் தாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பட்டியலுக்கு வெளியே நின்ற பல்லாயிரம் ஆட்டக்காரர்களை அவர் பார்த்தது, ஆட்டத்தைக் குலைக்க வந்த கூட்டமாக. ஆனால் ஃபிஃபா தலைவரின் வேலையே அந்தப் பட்டியலைக் கேள்வி கேட்பதுதான். யார் உறுப்பினர், யார் இல்லை என்று தீர்மானிக்கும் அமைப்பில் அவருக்கு மேல் இன்னொரு அதிகாரி கிடையாது.

தடை நீங்கியதும் வெள்ளையர் சங்கம் ஒரு யோசனை சொன்னது: 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளையர் அணி, 1970-க்குக் கறுப்பர் அணி. இதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. 1964 அக்டோபரில் டோக்கியோவில் மாநாடு கூடியபோது ஆப்பிரிக்க, ஆசியப் பிரதிநிதிகள் பெருமளவில் வந்து தடையை மறுபடி போட்டார்கள். ரவுஸ் அதிலிருந்து பாடம் எடுக்கவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளும் தென்னாப்பிரிக்காவை உள்ளே கொண்டுவர வழி தேடிக்கொண்டே இருந்தார்.

சாண்டியாகோவில் ஒரு கோல்

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சாண்டியாகோவின் தேசிய மைதானத்தை சிறையாக்கி ஆயிரக்கணக்கானவர்களை அடைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள். அதே மைதானத்தில் சிலிக்கும் சோவியத் யூனியனுக்கும் உலகக் கோப்பைத் தகுதிக்கான இரண்டாவது ஆட்டம் நடக்க வேண்டும். மாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் 0-0. வேறு நாட்டில் வைக்கச் சொல்லி சோவியத் தரப்பு கேட்டது. ஃபிஃபா இரண்டு அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் போன நாளிலும் மைதானத்தில் கைதிகள் இருந்தார்கள், கண்ணில் படாதபடி உள்ளே தள்ளப்பட்டிருந்தார்கள். நிலைமை சரியாக இருக்கிறது, ஆட்டம் நடக்கலாம் என்று அறிக்கை வந்தது.

நவம்பர் 21 அன்று சோவியத் அணி வரவில்லை. சிலி ஆட்டக்காரர்கள் மட்டும் இறங்கி, எதிரில் ஆளே இல்லாமல் பந்தைத் தட்டிக்கொண்டே போய், கேப்டன் ஃபிரான்சிஸ்கோ வால்டெஸ் காலி கோலுக்குள் அடித்தார். பிறகு சிலிக்கு 2-0 வெற்றி என்று பதிவானது. இதிலும் விதி மீறல் எதுவும் இல்லை. வராத அணி தோற்ற அணி, அவ்வளவுதான் விதி.

ஃபிராங்க்ஃபர்ட், 1974

ஜூன் 11 தேர்தலில் ரவுஸை எதிர்த்து நின்றவர் பிரேசிலின் ஜோவாவ் ஹாவலாஞ்ச், முன்னாள் ஒலிம்பிக் நீச்சல் வீரர், தொழிலதிபர். முந்தைய ஆண்டுகளில் அவர் நாடு நாடாகப் பறந்தார், பெலேயின் புகழும் கூடவே பயணம் செய்தது. உலகக் கோப்பையை 24 அணிகளாக்குவேன், இளைஞர் போட்டி நடத்துவேன், வளரும் நாடுகளுக்குப் பயிற்சியும் உதவியும் தருவேன், தென்னாப்பிரிக்காவை வெளியிலேயே வைப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். ரவுஸ் தன் சேவையே பேசும் என்று இருந்துவிட்டார். வயது 79.

முதல் சுற்றில் ஹாவலாஞ்சுக்கு 62, ரவுஸுக்கு 56. இரண்டாவது சுற்றில் 68-52.

ஹாவலாஞ்ச் 24 ஆண்டுகள் ஆண்டார். ஃபிஃபாவுக்குப் பணம் கொட்டியது. ஊழலும் கூடவே வந்தது. விளம்பர உரிமை நிறுவனம் ஒன்றிடம் கையூட்டு வாங்கிய விவகாரத்தில் 2013-ல் கௌரவத் தலைவர் பதவியையும் விட்டார். இதைச் சொல்லி, பாருங்கள், நேர்மையான ரவுஸையே வைத்திருந்திருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹாவலாஞ்சின் பணப்பசி அவருடைய பாவம். ஆப்பிரிக்கர்கள் அன்றைக்குப் போட்ட ஓட்டுக்குக் காரணம் வேறு. பத்தாண்டுகளாகத் தங்களை வரிசைக்கு வெளியே நிறுத்தியவரிடமிருந்து அவர்கள் விலகினார்கள். கைசுத்தம் மட்டும் போதும் என்று நினைத்த ஒரு நிர்வாகம்தான் ஹாவலாஞ்சுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

தோல்விக்குப் பிறகு ரவுஸ் கௌரவத் தலைவரானார். 1986 ஜூலை 18 அன்று லண்டனில், 91 வயதில் காலமானார்.

தென்னாப்பிரிக்காவை ஃபிஃபா 1976 ஜூலையில் மாண்ட்ரியால் மாநாட்டில் முற்றிலுமாக நீக்கியது. ஜோகனஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நிறபேதமற்ற ஒரே சங்கம் உருவான பிறகு 1992 ஜூலையில் மறுபடி சேர்த்துக்கொண்டது. சில நாளிலேயே, ஜூலை 7 அன்று, டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் எல்லா நிறத்தவருக்கும் பொதுவான தென்னாப்பிரிக்க அணி கேமரூனை எதிர்த்து இறங்கியது. டாக்டர் குமாலோ அடித்த பெனால்டியில் 1-0 என்று வென்றது.